வீட்டு விபத்து

சுங்கை வே தகரக் கம்பெனி வாசலில், ஜாகா என்கிற காவல்காரன் உட்காரும் கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் பலகை நின்றது. விபத்து இல்லாத நாட்கள் என்று நான்கு மொழியில் எழுதி, கீழே மூன்று ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாக எண் போட்ட தகரத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தினமும் காலை ஏழே முக்காலுக்கு சபாபதி ஒரு ஸ்டூல்மேல் ஏறி எண்ணை மாற்றுவார். கோயிலில் கொடியேற்றும் குருக்கள் முகத்தில்கூட அவ்வளவு பக்தி இருக்காது. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஒருநாள் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார். விழுந்த இடம் கேட்டுக்கு வெளியே, அதனால் அது கம்பெனிக் கணக்கில் சேராது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே மறுபடி ஏறி எண்ணைக் கூட்டினார்.

சபாபதி பிரஸ் பகுதிக்கு சூப்பர்வைசர். பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளர். அது போக கோயில் கமிட்டியில் துணைத் தலைவர், இன்னும் இரண்டு சங்கங்களில் ஆலோசகர். என்ன ஆலோசனை என்று யாரும் கேட்டதில்லை. மைக் இல்லாத இடத்தில் அவர் தமிழும் நம் தமிழ்தான்: "டேய், மூடி எங்கடா? தூங்குறியா?" மைக் கைக்கு வந்தால் அதே வாய், "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட தொழிலாளத் தோழர்களே, விரல் இழந்தவன் வாழ்வில் விடியல் இழந்தவன்" என்று புறப்படும். பாதுகாப்பு வாசகப் போட்டிக்கு அந்த வாசகத்தை அவரே எழுதி, அவரே நடுவராக இருந்து, முதல் பரிசும் வாங்கியிருந்தார்.

அது எண்பத்தேழாம் வருஷம். முந்தின இரண்டு வருஷத்தில் சுற்று வட்டாரத்து ஃபேக்டரிகள் ஆளைப் பாதியாகக் குறைத்திருந்தன. தகரக் கம்பெனி யாரையும் வெளியே அனுப்பவில்லை. நாலு ஆள் வேலையை மூணு ஆளுக்குக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. கூடவே, பலகையில் ஐந்நூறு தொங்கினால் ஆளுக்கொரு ரைஸ் குக்கர் என்றும் அறிவித்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் பொண்டாட்டி பிள்ளைகளோடு அந்த ஐந்நூறுக்குக் காத்திருந்தார்கள்.

கார்த்திகேசு மூணாம் நம்பர் பிரஸ்ஸில் பிஸ்கட் டின் மூடி அடிப்பவன். பதினொரு வருஷ சர்வீஸ். அந்த மெஷினுக்கு இரண்டு பச்சைப் பொத்தான். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். அப்போது கை இரண்டும் பத்திரமாக வெளியே இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அப்படி அடித்தால் மணிக்கு முன்னூறு மூடிக்குமேல் வராது. கம்பெனி கேட்டது அறுநூறு. ஆகவே வலது பொத்தானை அமுங்கினபடியே ட்யூப் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இடது கை பொத்தானில் இருக்கும். வலது கை அச்சுக்குள் போய்த் தகடு வைத்து, மூடி எடுத்து, வைத்து, எடுத்து. பதினொரு வருஷம் செய்தால் கைகளே பார்த்துக்கொள்ளும், ஆள் வேறெதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வாரை வெட்டிக் கொடுப்பவர் சபாபதி. மோட்டார் சைக்கிளின் பழைய ட்யூபைக் கொண்டுவந்து, பாதுகாப்புக் குழுக் கூட்டம் முடிந்த கையோடு, அதே மேசையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நறுக்குவார். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கார் தெரிந்தால் ஜாகா இரண்டு மணி அடிப்பான். வார்களெல்லாம் கால்சட்டைப் பைக்குள் போய்விடும். அந்த அரை மணி நேரம் எல்லாரும் இரண்டு கையாலும் அடிப்பார்கள், கல்யாண வீட்டில் புதுச்செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி.

நானூற்று எழுபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்றரைக்கு வழக்கமான மழை பிடித்தது. கூரையில் மழை, கீழே பதினாறு பிரஸ். பக்கத்தில் நிற்பவன் சொல்வதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் ஒரு தகடு கோணலாக மாட்டியது. கார்த்திகேசு வலது கையை விட்டு நெம்பினான். இடது கை, யாரும் சொல்லாமலே, பழக்கத்தில் அமுக்கியது.

மூன்று விரல். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நின்றன.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்த கன்னையாதான் முதலில் ஓடிவந்தான். கன்னையா, கார்த்திகேசுவின் பொண்டாட்டி தனலெட்சுமிக்குப் பெரியம்மா மகன். மெஷினை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை உருவிக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கலா! எவனாச்சும் போன் பண்ணு!"

சபாபதி வந்தார். பார்த்தார். அவர் முகம் வெளுத்தது உண்மை, மனிதர்தானே. ஆனால் முதலில் அவர் கை போன இடம் வலது பொத்தான். வாரை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆம்புலன்ஸ் வேணாம். அது வர நேரமாவும். என் கார்ல ஏத்து."

"அண்ணே, ரத்தம் நிக்கல அண்ணே."

"அதான் சொல்றேன், ஏத்துடா! ஆம்புலன்ஸ் உள்ள வந்தா ஜாகா புக்குல எழுதணும். அதெல்லாம் அப்புறம் தொல்ல."

பெடரல் ஹைவேயில் மழை. முன்னே போகிற லோரியின் பின்விளக்கு தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் கன்னையா மடியில் கார்த்திகேசு தலை. சபாபதி கண்ணாடி வழியே பேசிக்கொண்டே ஓட்டினார். "கார்த்தி, பயப்படாத. நான் இருக்கேன். நீ எதுவும் பேசாத, பேசுனா ரத்தம் போவும். எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்."

பேசினால் ரத்தம் போகும் என்பதை எந்த டாக்டர் சொன்னார் என்று தெரியாது. கார்த்திகேசு பேசவில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தை எடுத்து, எங்கே, எப்படி என்று மலாயில் கேட்டாள். சபாபதி மூச்சு வாங்காமல் சொன்னார்: வீட்டில். பாராங் கத்தி. தேங்காய் வெட்டும்போது. பொண்டாட்டி நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள்.

அவள் எழுதிக்கொண்டாள். கன்னையா பக்கத்தில்தான் நின்றான். அவன் வாயைத் திறந்ததாகவும், சபாபதி அவன் காலை மிதித்ததாகவும் பின்னால் அவனே சொன்னான். வாயைத் திறந்தது நிச்சயமில்லை.

இரண்டாம் நாள் காலை வார்டில் தனலெட்சுமி, கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தாள். மலாய்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அவர்கள் குடியிருந்த கம்போங்கில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். இரண்டு தரம் படித்தாள்.

"ஏங்க, இதுல வீட்டுல நடந்ததுன்னு போட்டிருக்கு."

"ம்."

"யார் வீட்டுல?"

கார்த்திகேசு கூரை மின்விசிறியைப் பார்த்தான். "சபாபதி அண்ணே சொன்னது. அவசரத்துல சொல்லிட்டாரு."

"தேங்கா வெட்டுனீங்களாமே. என்னைக்கு நம்ம வீட்டுல தேங்கா வெட்டியிருக்கோம்? தெனம் பாசார் கடையில மெஷின்ல துருவி, பிளாஸ்டிக்ல கட்டி வாங்கியாறேன். முழுத் தேங்கா நம்ம வாசப்படி மிதிச்சே வருஷமாச்சு. நம்ம வீட்டுல பாராங் ஏது?"

"கத்தாத தனம். பக்கத்துல ஆளு இருக்காங்க."

"பாசாருக்குப் போற எந்தப் பொம்பளையும் இத நம்பமாட்டா. ஆம்பளைங்க உக்காந்து யோசிச்ச பொய்யி இது."

"அண்ணே பாத்துக்குறேன்னு சொல்லியிருக்காரு."

"அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. மூணு வெரல் போவுற வரைக்கும்."

கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டான். வலி என்று நினைத்து அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தேங்காய் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது, அவள் தொழில் அப்படி. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஆறரைக்குள் அறுபது பொட்டலம் நாசி லெமாக் கட்டிவிடுவாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பாண்டான் இலை வாசம், நெத்திலிச் சாம்பால், கால் முட்டை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய், கீழே வாழையிலை, மேலே பேப்பர். கூடையோடு கம்பெனி வாசலில் பலகைக்கு எதிரே உட்கார்வாள். ஏழே முக்காலுக்கு சபாபதி ஸ்டூலில் ஏறும்போது அவள் கூடை காலியாகி எழுந்திருப்பாள். பிரஸ் பகுதி முழுக்க அவள் சோற்றில் ஓடியது என்று சொன்னால் மிகையில்லை.

கார்த்திகேசு வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரமே சபாபதி வந்தார். மைலோ டின் ஒன்று, ஆரஞ்சுப் பழம் ஒரு பை. பின்னால் கன்னையா. பலகை வீட்டின் முன்னறையில் இருந்த ஒரே நாற்காலியில் சபாபதி உட்கார்ந்ததும், மைக் இல்லாவிட்டாலும், மேடைத்தமிழ் கொஞ்சம் வந்துவிட்டது.

"தங்கச்சி, விதியை வெல்ல முடியாது. ஆனா வெந்த புண்ணுல மருந்து வெக்கலாம். கம்பெனி ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் மேனேஜர்."

"மேனேஜருக்குத் தெரியுமா அண்ணே?"

"என்ன தெரியணும்?"

"இவரு கைய எது வெட்டுச்சுன்னு."

சபாபதி ஆரஞ்சுப் பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "பாரு தங்கச்சி. நீ படிச்சவ. கம்பெனி விபத்துன்னு போட்டா விசாரண வரும். விசாரண வந்தா என்ன கேப்பான்? பொத்தான கட்டுனது யாருன்னு கேப்பான். கட்டுனது உன் புருஷன். சட்டப்படி அது குத்தம். மறுநாளே வெளிய. நான் அவனக் காப்பாத்தியிருக்கேன்மா."

"வாரு குடுத்தது யாரு?"

"என்ன வாரு?"

அதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு துளி பொய் தெரியவில்லை. சொன்னதை முதலில் நம்புகிறவர் அவரேதான். பேச்சாளருக்கு வேண்டிய முதல் தகுதி அது.

"சொக்சோவுல, தொழிலாளி இன்ஷூரன்ஸுல, மனு போட்டா ஊனத்துக்கு மாசாமாசம் பென்ஷன் உண்டுன்னு சொல்றாங்க," என்றாள் தனலெட்சுமி. "ரெண்டு பொம்பளப் புள்ள வெச்சிருக்கேன். இவரால இனி மெஷின்ல நிக்க முடியாது. வேலையில நடந்ததுன்னு எழுதிக் குடுங்க, போதும். உங்க மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பாப்போம், பாப்போம்," என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "இன்னும் இருவது நாளு. அதுக்கப்புறம் எல்லாம் பேசலாம் தாயி," என்றார்.

அதன்பிறகு ஆட்கள் வந்தார்கள். தினமும் சாயந்திரம் இரண்டு பேர், மூன்று பேர். எல்லார் கையிலும் ஏதாவது ஒரு பழம். எல்லாரும் கார்த்திகேசுவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், கிளம்பும்போது மழையைப் பற்றிப் பேசுவதுபோல ஐந்நூறாம் நாளைப் பற்றியும் பேசினார்கள்.

அடுத்த வீட்டு வீரம்மா பேக்கிங் பகுதியில் வேலை. தனலெட்சுமிக்கு இரண்டு பிரசவத்திலும் கூட இருந்தவள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தனம், மனசுல வெச்சுக்காத. என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். சீர் வரிசையில ரைஸ் குக்கர்னு சொல்லிட்டேன் சம்பந்தி வீட்டுல."

"அக்கா, இவரு வெரல் போயிருக்குக்கா."

"போனது போச்சுல்ல தனம். பலகைய மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா வெரல் மொளைக்குமா?"

நியாயமான கேள்வியாகக்கூட இருந்தது. அதுதான் அதில் இருந்த மோசம்.

கன்னையா மட்டும் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். தனலெட்சுமி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான், கண் கலங்கினான், குழம்பின் காரத்தாலும் இருக்கலாம்.

"எம் மடியிலதான் கெடந்தான் மாப்பிள. நான் பொய் சொல்வேனா? நாளைக்கு ஒரு நாள் லீவு போடுறேன். பெட்டாலிங் ஜெயா சொக்சோ ஆபீஸு, பத்து மணி. நான் சாட்சி சொல்றேன். நீ கவலப்படாத தங்கச்சி, உனக்குக் கூடப்பொறந்தவன் நான் இருக்கேன்."

"சத்தியமா வருவீங்களாண்ணே?"

அவன் சோற்றுக் கையோடு தன் தலையைத் தொட்டான். கார்த்திகேசு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். வாயருகே வந்த சோறு பாதி மடியில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை தனலெட்சுமி வழக்கம்போலக் கூடையோடு கம்பெனி வாசலில் உட்கார்ந்தாள். அறுபது பொட்டலத்தில் ஐம்பத்தாறு கூடையிலேயே இருந்தது. வாங்கிய நாலு பேரும் கம்பெனி ஆள் இல்லை, அந்த வழியாகப் போன லோரிக்காரர்கள். மற்றவர்கள் பலகையைப் பார்த்தபடியே உள்ளே போனார்கள். வீரம்மா, "வயிறு சரியில்ல தனம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மினிபஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சொக்சோ ஆபீஸுக்குப் போனாள் தனலெட்சுமி. பஸ் முழுக்க சாம்பால் வாசம்; கண்டக்டர் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.

பத்து மணி, பதினொன்று. வெயில் ஏறி, தார் ரோடு மினுங்கியது. கன்னையா வரவில்லை.

பதினொன்றரைக்கு அவள் தனியாக உள்ளே போனாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபாரம் வேண்டும், அன்றைய பஞ்ச் கார்டு வேண்டும், பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "கம்பெனிக்கு நானே போன் செய்து கேட்கிறேன்" என்று போன் செய்தார். கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கார்த்திகேசு வேலைக்கு வரவில்லையாம். லீவு ஃபாரம் இருக்கிறதாம். கார்த்திகேசு கையெழுத்துப் போட்டதாம்.

அவள் நேரே கம்பெனிக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜாகா அவளைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் கன்னையா வந்தான். வராமல் போயிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"தங்கச்சி, கோவப்படாத. கேளு."

"கேக்கத்தான் வந்திருக்கேன்."

"எனக்கு நேத்து சாயந்திரம்தான் தெரியும். சபாபதி அண்ணே வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டாரு. சார்ஜ்மேன் போஸ்ட் காலியா இருக்கில்ல…"

"உங்களுக்கா?"

"நான் கேக்கல. அவரா சொன்னாரு."

"நல்லது. அந்த லீவு ஃபாரத்துல இவரு கையெழுத்த யாரு போட்டது? நீங்களா, அவரா?"

கன்னையா அவளைப் பார்த்த பார்வையில், இத்தனை நாளில் முதல்முறையாக, உண்மையான வருத்தம் தெரிந்தது.

"மாப்பிள சொல்லலையா உங்கிட்ட?" என்றான். "அவன்தான் போட்டான் தங்கச்சி. இடது கையால. ஆஸ்பத்திரியிலயே, மொத நாளே. நீ வர்றதுக்கு முன்னாடியே."

வீட்டுக்கு வந்தபோது கார்த்திகேசு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அதை நிறுத்தினாள். கூடையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று அவன் தோளைக் குறுக்கினான். அவள் கத்தவில்லை.

"அட்டையப் படிச்சுட்டு கேட்டேனே. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது."

"வாயாலதான். அது போவலையே."

கட்டுப்போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னான்: "ஸ்டோர்ல வேல தரேன்னாரு தனம். உக்காந்து பாக்குற வேல. இல்லன்னா வார கட்டுனதுக்கு டிஸ்மிஸ், சர்வீஸ் பணமும் போவும்னாரு. கட்டுனது நான்தானே. பென்ஷன் கெடைக்குமோ கெடைக்காதோ. ஸ்டோர் நிச்சயம்."

"எழுத்துல குடுத்தாரா?"

"வாக்கு குடுத்திருக்காரு."

அவள் சிரித்தாள். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. "உங்ககிட்ட எழுத்துல வாங்குனாரு. உங்களுக்கு வாக்குல குடுத்தாரு. நான் எவன் எவன் முன்னாடியோ போயி நின்னேன், நீங்க சோறு தின்னுகிட்டு பாத்துகிட்டு இருந்தீங்க."

அன்று விற்காத பொட்டலங்களையெல்லாம் பிரித்து, கம்போங் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகளுக்கு ஐந்நூறு நாளைப் பற்றிக் கவலையில்லை.

ஐந்நூறாம் நாள் சனிக்கிழமை வந்தது. கம்பெனி கார் நிறுத்துமிடத்தில் கொட்டகை போட்டார்கள். சபாபதி சந்தனக் கலரில் புது பாத்தேக் சட்டை. ஒரு பக்கம் அட்டைப் பெட்டியில் ரைஸ் குக்கர் மலைபோல. இன்னொரு பக்கம் பிரியாணி, ஆட்டுக்கறி, மீ கோரெங், ரோஸ் சிரப் வாளி வாளியாக. வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு, புழுக்கத்தில் ஆட்கள் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜருக்கு ஒரு புது யோசனை தோன்றியிருந்தது. தோன்ற வைத்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் விபத்து ஒழிந்துவிட்டது, அடுத்து வீட்டில் ஒழிக்க வேண்டும். அதற்காக சுகாதார இலாகாவிலிருந்து ஒரு டாக்டரம்மாவை அழைத்திருந்தார்கள். இளம் மலாய்ப் பெண், மெல்லிய குரல், தூக்கிப் பிடித்துக் காட்ட அட்டைகள் கொண்டுவந்திருந்தாள். கொதிநீர், மண்ணெண்ணெய், கத்தி, மாடிப்படி. ஒவ்வொன்றையும் அக்கறையோடு விளக்கினாள். கத்திக் காயங்கள் இந்த வருஷம் கூடியிருப்பதாக, ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்துக் கவலையோடு சொன்னாள். அந்தக் கணக்கில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தார்கள். சொல்லவில்லை.

பிறகு சபாபதி மைக்கைப் பிடித்து, "நமது அன்புச் சகோதரர் கார்த்திகேசு, தாம் பட்ட துயரைப் பிறர் படக்கூடாது என்னும் தயாள உள்ளத்தோடு" என்று அழைத்தார். ஸ்டோர் சாவி வரும் திங்கட்கிழமை என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்.

கார்த்திகேசு மேடையேறினான். புதுச் சட்டையின் கைக்குள்ளிருந்து கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் குரல் வரவில்லை. அப்புறம் வந்தது. வந்தபிறகு நன்றாகவே வந்தது. எவ்வளவு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தானோ.

"வெள்ளிக்கெழம… வீட்டுல தேங்கா வெட்டிக்கிட்டு இருந்தேன். பாராங் மொட்டை. தீட்டிட்டு வெட்டுறேன்னு சொன்னேன். பொண்டாட்டி கேக்கல. நேரமாச்சு நேரமாச்சுன்னு பின்னாலயே நின்னு அவசரப்படுத்துனா…"

கூட்டத்தில் ஆம்பிளைகள் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு பொண்டாட்டி உண்டு. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கார்த்திகேசு இன்னும் ஒரு வரி சேர்த்தான்: "பொம்பளைங்க அவசரத்தால எத்தன வீட்டுல இப்படி ஆவுதோ." நிறையக் கைதட்டல்.

மூன்றாம் வரிசையில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை, வராவிட்டால் ஸ்டோர் போய்விடும் என்று அழைத்து வந்திருந்தான். பொய்க்கு ஒரு தேங்காய் வேண்டியிருந்தது, ஒரு கத்தி வேண்டியிருந்தது. ஒரு குற்றவாளியும் வேண்டியிருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்த வீரம்மா அவள் முழங்கையைத் தட்டி, "சும்மா பேச்சுக்குத்தான் சொல்றாரு, விடு," என்றாள்.

சபாபதி அதை மலாயில் சொன்னதும் டாக்டரம்மா உருகிப்போனாள். கார்த்திகேசுவின் மனைவியும் மேடைக்கு வந்து மற்ற இல்லத்தரசிகளுக்காக ஓர் உறுதிமொழி சொன்னால் நன்றாக இருக்கும் என்று மலாயில் கேட்டாள். சபாபதியிடம் உறுதிமொழி எழுதித் தயாராக இருந்தது. தனலெட்சுமி ஏறியபோது தாளைக் கையில் திணித்து, "நாலே வரிதான் தங்கச்சி, படிச்சுட்டு எறங்கிடு," என்றார் காதருகே.

அவள் தாளைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். தாளை மடித்து டாக்டரம்மா மேசையில் வைத்தாள். மலாயில் பேசத் தெரிந்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது தமிழ். சொல்ல வேண்டியதும் தமிழ் தெரிந்தவர்களிடம்தான்.

"இவரு கைய எங்க வீட்டுல எதுவும் வெட்டல," என்றாள். "இங்க உள்ள இருக்கிற மூணாம் நம்பர் பிரஸ் வெட்டுச்சு. நான் அந்த நேரம் புள்ளைங்கள ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு மழையில வந்துகிட்டிருந்தேன். அந்த மூணு வெரலையும் இங்கதான் தகரத் தூளோட யாரோ கூட்டி அள்ளியிருக்கீங்க. அது யாருன்னு உங்கள்ல ஒருத்தருக்குத் தெரியும். எம் புருஷனுக்கும் தெரியும். அவ்வளவுதான்."

மைக் நல்ல மைக். கடைசி வரிசைவரை கேட்டது. ரோஸ் சிரப் கலக்கிக்கொண்டிருந்தவன் கரண்டியை நிறுத்தினான்.

டாக்டரம்மா புன்னகையோடு சபாபதி பக்கம் திரும்பினாள். மேனேஜரும் திரும்பினார். சபாபதி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மைக்கை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, நெகிழ்ந்த குரலில் மலாயில் மொழிபெயர்த்தார்: இந்த அம்மா மிகவும் வருந்துகிறார். இனிமேல் சமையலறையில் அவசரப்பட மாட்டேன் என்கிறார். கம்பெனி தன் குடும்பத்தைக் கைவிடவில்லை, எல்லாருக்கும் நன்றி, திரிமா காசே என்கிறார்.

டாக்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினாள். மேனேஜர் தட்டினார். மலாய் மட்டும் புரிந்தவர்கள் தட்டினார்கள்.

தமிழ் புரிந்தவர்கள் நூறு பேருக்கு மேல். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் கன்னையா ஆரம்பித்தான். அடுத்தது வீரம்மா, தலையைக் குனிந்தபடி. அப்புறம் எல்லாரும். கொட்டகைத் தகரத்தில் மழை பிடித்துவிட்டதோ என்று நினைக்கும்படி இருந்தது சத்தம்.

தனலெட்சுமி மேடையில் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

கார்த்திகேசுவுக்கு இரண்டு கையைச் சேர்த்துத் தட்ட முடியாது. இடது உள்ளங்கையைத் தொடையில் அடித்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் நிறுத்துகிறார்களா என்று பார்த்தபடி.